எவ்வளவு நூல் வெளியே?

அப்பாவைத் திரும்ப அழைத்துவரத்தான் கனடா போனேன். ஊரில் கேட்டவர்களிடம் அதைச் சொல்லவில்லை. "தம்பி ரொம்ப நாளாக் கூப்பிடறான், ஒரு நடை பாத்துட்டு வரேன்" என்றே சொல்லிவைத்தேன்.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு சின்னக் காஞ்சிபுரத்தில் என்னோடும் என் மனைவி வைதேகியோடும் இருந்தார். டொரான்டோவில் இருக்கும் என் தம்பி முகுந்தன், "கோடைக்கு வந்துட்டுப் போகட்டும்" என்று டிக்கெட் அனுப்பினான். போனவர் போனவர்தான். விசாவை நீட்டிக்கலாமா, நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் பேச்சு கிளம்பிவிட்டது.

போனில் அப்பாவின் குரலே மாறியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தவரை "சரி", "வேண்டாம்", "போட்டாச்சு" என்ற மூன்றோடு நாளை ஓட்டியவர், இப்போது கார்டு தீரும்வரை பேசினார். பேச்சில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. செல்லத்துரை சொன்னார். செல்லத்துரையோடு போயிருந்தேன். செல்லத்துரை இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"ஏன்னா, யாரு அந்தச் செல்லத்துரை?" என்று வைதேகி கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் கேட்டதை விட நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "கலர் கலராப் பட்டு நூல் கொஞ்சம் கொண்டு வா. நன்னா முறுக்கினதா இருக்கணும்." எதற்கென்று சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். அவர் தறியிலிருந்து எழாமலேயே, "சாமிக்கா சார்?" என்றார்.

"அப்பா கேக்கறார்."

"பெரியவருக்கா? எடுத்துக்கினு போ சார். பாவுல மிச்சம் ஆனது சும்மாதான் கெடக்குது. கலருக்கு ஒண்ணா சுத்திக் குடுக்கறேன், இருப்பா."

அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று நாலு கண்டு சுற்றிக் கொடுத்தார். அங்கே இருக்கும் பேத்தியின் பாவாடையில் பூப்போடக் கேட்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு பெட்டியில் வைத்தேன்.

டொரான்டோ விமான நிலையத்தில் அந்த நூலை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிடிபட்டது மாகாளிக் கிழங்கு ஊறுகாய். ஒரு நாய் வந்து என் பெட்டியை மோந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதிகாரி பாட்டிலைத் திறந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

"இது எப்போது செத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இது வேர். மோரில் ஊறப்போட்டது. சாப்பிடுவோம்."

"விருப்பத்துடனா?"

"ஆமாம்."

பாட்டிலை மூடி, கையை உதறிக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார். என் மேல் அவருக்கு வந்த இரக்கத்தை நான் மறக்க மாட்டேன்.

வாசலில் முகுந்தன் மட்டும் நின்றான். சுற்றிப் பார்த்தேன்.

"அப்பா வரலையா?"

"ஏரிக்குப் போயிருக்கார்."

"ஸ்நானத்துக்கா? ஏரித் தண்ணி ஜில்லுனு இருக்காதா?"

முகுந்தன் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "இல்லைண்ணா. மீன் பிடிக்க."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் அப்பா ஓட்டலில் காப்பி குடிக்காதவர். எங்கள் வாசற்படியைப் பூண்டு தாண்டியதில்லை. தாமல் பக்கம் போகும் பஸ்ஸில் மீன் கூடை ஏறினால், டிக்கெட் எடுத்திருந்தாலும் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அவர் மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்கிறான், அதுவும் நான் வந்து இறங்கும் நாளில்.

"எல்லாம் அவரே சொல்லுவார். ஊர்ல யார்கிட்டேயும் சொல்லிடாதே" என்றான் முகுந்தன்.

சாயங்காலம் அப்பா வந்தார். பேண்ட் போட்டிருந்தார். பிறந்ததிலிருந்து நான் அவரைப் பேண்டில் பார்த்ததில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நெற்றியில் திருமண் மட்டும் காலையில் இட்டது கலையாமல் இருந்தது. முகம் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி வாசலில் நின்றார்.

"நூல் கொண்டு வந்தியா?" என்றார்.

பிரயாணம் எப்படி என்று கேட்கவில்லை. வைதேகி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நூல்.

அவருக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் நின்றார். நரைத்த மீசை, முழுத் தேங்காய் போன்ற உருண்டைத் தோள்கள், தகப்பனைப் போல ஒரு சிரிப்பு. அவர்தான் செல்லத்துரை. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் சொந்தமாகப் படகு வைத்திருந்தவராம். யுத்தத்தில் எல்லாம் போய், இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, ஓய்வு பெற்றதும் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். முகுந்தனுக்கு நாலு வீடு தள்ளி வீடு.

"மூத்தவரோ? வாங்கோ தம்பி. மாஸ்டர் உங்களைப் பற்றிச் சொன்னவர்."

"என்ன சொன்னார்?"

செல்லத்துரை கொஞ்சம் யோசித்தார். "இன்சூரன்சில வேலை எண்டு."

அவ்வளவுதான். அதற்குள் அப்பா பட்டுக் கண்டுகளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவரிடம் காட்டத் தொடங்கிவிட்டார். இருவரும் நகை பார்க்கிறவர்களைப் போலக் குனிந்திருந்தார்கள். எனக்கு ஏகாம்பரத்தின் மேல்கூடக் கோபம் வந்தது.

மறுநாள் காலை என்னையும் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். ஏரி என்றால் எனக்குத் தாமல் ஏரிதான். நல்ல மழை வருஷத்தில் அது நிரம்பி நிற்பதைப் பெங்களூர் ரோட்டிலிருந்து பார்த்து, இதைவிடப் பெரிய தண்ணீர் கடல்தான் என்று நினைத்தவன். இந்த ஏரிக்கு அக்கரையே தெரியவில்லை. அலை அடித்தது. கடற்பறவை கத்தியது. உப்புக் கரிக்காத கடல்.

படகின் பின்பக்கம் நாலு தூண்டில் கழிகளைச் சொருகியிருந்தார்கள். இங்கே ஒரு இடத்தில் நின்று தூண்டில் போடுவதில்லை. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் நூலை நீளமாக விட்டு, மீன் மாதிரி மினுங்கும் தகட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நூல் எவ்வளவு வெளியே இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தகடு ஆழத்தில் ஓடும். மீன் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில்தான் மேயும். ஒரு மீன் கடித்துவிட்டால், கடித்தபோது எவ்வளவு நூல் வெளியே இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். அதே நீளத்துக்குத் திரும்ப விட்டால்தான் அடுத்தது கடிக்கும்.

"எங்கட ஊரில கையாலதான் அளக்கிறது" என்று செல்லத்துரை இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். "இது ஒரு பாகம். தங்கூசி நூலை இப்பிடி இழுத்து இழுத்து விடுறது. இஞ்ச மெஷின் இருக்கு எண்டு வாங்கினன். அது பொய் சொல்லுது தம்பி. மாஸ்டர்தான் அந்தப் பொய்யைப் பிடிச்சவர்."

நூல் சுற்றும் உருளையின் பக்கத்தில் சின்னதாக ஒரு எண் பெட்டி இருந்தது. எத்தனை அடி நூல் போயிருக்கிறது என்று அது காட்டும். செல்லத்துரை அதை நம்பி ஒரு மாதம் மீன் இல்லாமல் திரும்பியிருக்கிறார். முகுந்தன் ஒருநாள் பொழுதுபோகட்டும் என்று அப்பாவைப் படகில் ஏற்றிவிட்டிருக்கிறான். அப்பா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கரைக்கு வந்ததும், நூலைக் கார் நிறுத்துமிடத்தில் நீளமாக இழுத்து, டேப் வைத்து அளக்கச் சொன்னாராம். பெட்டி நூறு என்றது. டேப் எண்பதைத் தொடவில்லை.

"அது நூலை அளக்கலை, உருளை சுத்தறதைத்தான் எண்றது" என்றார் அப்பா என்னிடம். கரும்பலகை இல்லாத குறைதான். "உருளை நிறைய நூல் இருந்தா ஒரு சுத்துக்கு நிறையப் போகும். இவர் அறுத்து அறுத்து உருளை மெலிஞ்சு போச்சு. மெலிஞ்ச உருளை ஒரு சுத்துக்குக் கொஞ்சம்தான் விடும். பெட்டிக்கு அது தெரியுமோ? பழைய கணக்கையே சொல்லிண்டிருக்கு."

சொல்லும்போது அவர் கண் மின்னியது. என்னிடம் அவர் கடைசியாக எதையாவது இப்படிச் சொன்னது எப்போது என்று யோசித்தேன். எதுவும் ஞாபகம் வரவில்லை.

பட்டு நூலுக்கு அன்று வேலை வந்தது. தூண்டில் நூலை அளந்து, ஐந்து பாகத்துக்கு ஒரு முடிச்சாகச் செல்லத்துரை அடையாளத்துக்குப் பட்டு நூலைக் கட்டினார். முதலில் அரக்கு, அப்புறம் மாம்பழம், பச்சை, மயில்கழுத்து, மறுபடி அரக்கிலிருந்து. கழியின் வளையங்களில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது பட்டு. படகு நகர்ந்தது. அப்பா பின்பலகையில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், எவ்வளவு வெளியில?" செல்லத்துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அரக்கு போயாச்சு. மாம்பழம் வரது... பச்சை... மயில்கழுத்து! நிறுத்துங்கோ!"

நாலு கழி, நாலு நீளம், எல்லாம் அவர் தலையில். கொஞ்ச நேரத்தில் ஒரு கழி வளைந்து ஆடியது. செல்லத்துரை ஓடிவந்து பிடித்தார். அப்பா சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "நாராயணா" என்றார். மீன் உள்ளே வந்து, அடங்கி, பெட்டிக்குள் போகும்வரை திரும்பவில்லை. மூடிச் சத்தம் கேட்டதும்தான் திரும்பினார்.

"ரெண்டாவது கழி, பச்சைக்கு ரெண்டு கை முன்னாடி" என்றார்.

"பாவம் எனக்கு, கணக்கு மாஸ்டருக்கு. அதுதான் எங்கட ஒப்பந்தம்" என்று செல்லத்துரை கண்ணடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரையேறும்போது அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "நீங்க கணக்குச் சொல்றதாலதானே அது மாட்டறது?"

அப்பா பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் தோணித்து" என்றார். "சின்னதையெல்லாம் திருப்பி விடணும், வீட்டுக்கு ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்கேன். விடறார். ஆனா உன் கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் கிடைக்கலைடா." பூட்ஸை உதறி வைத்துவிட்டு, "நாளைக்கும் போவேன்" என்றார்.

மறுநாள் நான் போகவில்லை. டவுனைப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். இங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. எங்கே இறங்குவது என்று யாரும் கத்த மாட்டார்கள். மாகறலுக்குப் போகிறவன் தூங்கினால்கூட நம்மூர் கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். இங்கே நான் ஏறிய பஸ் என்னை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய், ஒரு பெரிய மைதானத்தில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டது. டிரைவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எதிரே தமிழில் பெயர்ப்பலகை வைத்த கடை தெரிந்தது. உள்ளே போனேன். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இருந்தது. மீன் தொடாத கரண்டிதானா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்கள் அந்தக் கணக்கு ஐயரின்ர ஆளோ?"

"எந்தக் கணக்கு ஐயர்?"

"ஏரியில நூல் எண்ணுற ஐயர். செல்லத்துரையண்ணையின்ர படகில. ஞாயிற்றுக்கிழமையில வேற படகுக்காரரும் வந்து அவரைக் கேட்டுத்தான் நூலை விடுறவையாம்."

"ஐயர் இல்லை. ஐயங்கார்" என்றேன். "நான் அவர் மூத்த பிள்ளை."

"அப்பிடியோ? எங்களுக்கு அவரின்ர இஞ்ச இருக்கிற மகனைத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். ஐயரின் ஆளுக்குக் காசு வேண்டாமாம். சொதி மிகவும் நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. காஞ்சிபுரத்தில் அப்பாவிடம் படித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவரோடு கடைக்குப் போனால் நாலு பேர் கும்பிடுவார்கள், நகர்ந்துபோய்விடுவார்கள். இங்கே வந்து ஒரு கோடைகூட முடியவில்லை, அப்பா இல்லாமல் படகு ஓடாதாம்.

அப்புறம் ஒருநாள், என்னையும் ஒரு கழி பிடிக்க விடச் சொன்னேன்.

"வேண்டாம்டா, பழக்கமில்லை" என்றார் அப்பா.

"விடட்டும் மாஸ்டர்" என்று செல்லத்துரை கழியை என் கையில் கொடுத்தார். "பச்சை வரைக்கும் விடுங்கோ தம்பி. பிறகு பூட்டிடுங்கோ. மாஸ்டர் சொல்லுவார்."

"அவர் சொல்ல வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

நூல் விரலடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரக்கைப் பார்த்தேன். அப்போது செல்லத்துரை ஏதோ சொன்னார், அப்பா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தார். அவருடைய கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நூல் ஓடிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு வெளியில தம்பி?"

"பச்சை!" என்றேன். ஒரு பச்சை கண்ணில் பட்டது. எத்தனையாவது பச்சை என்று தெரியாது.

படகு திரும்பியது. என் நூல் மற்றவற்றைவிட எங்கேயோ நீளமாகக் கிடந்திருக்கிறது. திரும்பும்போது மற்ற மூன்றுக்கும் அடியில் புகுந்து, மேலே வந்து, சுற்றி, நாலும் ஒரே பந்தாகிவிட்டது. செல்லத்துரை இன்ஜினை நிறுத்தினார். அரக்கும் மாம்பழமும் பச்சையும் மயில்கழுத்தும் ஈரமாகச் சிக்கிக்கொண்டு, குஞ்சலம் மாதிரி படகின் பின்னால் மிதந்தன.

"முட்டாள்!" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்துக் குரல். "எத்தனை பச்சை போச்சு?"

"தெரியலை."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கென்ன? பச்சைன்னு ஏன் சொன்னே?"

"அவர்கிட்ட சிரிக்கறேள். என்கிட்ட மட்டும் வாத்தியாரா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. செல்லத்துரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, கத்தியால் நூலை அறுக்க ஆரம்பித்தார். இன்ஜின் சத்தம் இல்லாததால் எல்லாமே உரக்கக் கேட்டது.

"அம்மா போனதுலேர்ந்து உங்களை யார் பாத்துண்டா? மாத்திரை யார் எடுத்து வெச்சா? இருமினா யார் எழுந்து வந்தா?"

"நீதான்."

"அப்புறம் என்ன?"

அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "சைக்கிளை வித்தே. விழுந்தேன், சரி, வித்தே. ட்யூஷன் பசங்களை வரவேண்டாம்னே, பி.பி. ஏறிடும்னு. கரண்ட் பில் கட்ட ஆள் போட்டே. கறிகாய் வாங்கப் பையை எடுத்தா, வைதேகி 'உங்களுக்கேன்ப்பா சிரமம்'னு பிடுங்கி வெச்சா. எல்லாம் நல்லதுக்குத்தான். உங்களைக் குத்தம் சொல்லலை." கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ என்னைப் பாத்துண்டே ராகவா. நன்னாவே பாத்துண்டே. பாத்துக்கறவன்கிட்ட எதைப் பேசறது சொல்லு? இவர் என்னைப் பாத்துக்கலை. இவருக்கு நான் வேண்டியிருக்கு."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் சாப்பிட்ட உப்புமா முழுக்க வெளியே வந்தது. விளிம்பில் சரிந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பற்றிக்கொண்டது. அப்பாவின் கை என்று நினைத்தேன். அது மீன் வாடை அடிக்கும், கனமான கை.

"எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ தம்பி" என்றார் செல்லத்துரை. "வெட்கப்பட ஒண்டுமில்லை." நான் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "என்ர மகன் இந்தப் படகில ஒருநாளும் ஏறினதில்லை" என்றார்.

அவரை வெறுக்க எனக்கு இருந்த வசதியை அந்த ஆள் அப்படிக் கெடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு, ஊருக்குக் கிளம்பலாம் என்று நான் சொன்னபோது அப்பா வாதாடவில்லை. "டிக்கெட் எடுத்துட்டியே, வரேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். வேஷ்டிகளை மடித்து வைத்தார். பேண்ட்டுகளைத் துவைத்து முகுந்தனிடம் திருப்பிக் கொடுத்தார். பேச்சும் பழையபடி ஆனது. சரி. வேண்டாம். போட்டாச்சு. நான் கேட்டு வந்தது எனக்குக் கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒருமுறை சொல்லிக்கொள்ள ஏரிக்குப் போனார். நான் காரில் இருந்தேன். படகுத்துறையில் இரண்டு பேரும் புது நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கியிருந்ததால் பேச்சு கேட்டது.

"அரக்குக்கு அப்புறம் என்ன?"

"பச்சை."

"மாம்பழம்! நேத்திக்கும் இதையேதான் சொன்னேள்."

"எனக்கு ஏறாது மாஸ்டர். நீங்கள் போனாப் பிறகு நான் கையாலதான் அளப்பன்."

"கையால அளந்தா நாலு கழியை எப்பிடி ஒரே நேரத்துல பாப்பேள்? மறுபடி சொல்லுங்கோ. அரக்கு..."

"அரக்கு... பச்சை."

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதி வாழ்க்கை கடலில் இருந்தவருக்கு நாலு நிறம் மனப்பாடம் ஆகாதா என்ன? அப்பா மட்டும் அதைச் சந்தேகப்படவே இல்லை. பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது அந்தப் பொறுமையில் பாதி இருந்திருந்தால் நான் இன்ஜினியர் ஆகியிருப்பேன்.

அன்றே முகுந்தனைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் போடும் கடைக்குப் போனேன். அப்பாவின் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன். சந்தோஷமாகச் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண் "நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "படகைக் கரையேத்தினதும் வந்துடணும். குளிர் காலத்துக்கு இங்க இருக்கக் கூடாது" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வைதேகி என்ன சொல்லுவா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதையும் நீயே பாத்துக்கறியா?" என்று சொல்லிச் சிரித்தார். கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. நானும் சிரித்தேன். அது கொஞ்ச நேரம்தான். அதற்குள் வாசலில் செல்லத்துரையின் வண்டி ஹாரன் கேட்டது. அப்பா பேண்ட்டைத் தேடிக்கொண்டு ஓடினார்.

நான் கிளம்பிய நாளில் காற்று நன்றாக இருந்ததாம். மீன் மேலே வந்திருக்கிறதாம். அதனால் அப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை. விடியும்போதே என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். முகுந்தன்தான் கொண்டுவந்து விட்டான். விமானம் ஏரிக்கு மேலே திரும்பியது. கீழே எறும்பு மாதிரிப் படகுகள் ஊர்ந்தன. எது அவருடையது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதிலும் கொஞ்சம் எரிந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் காலை. பால் வாங்கிக்கொண்டு சன்னதித் தெருவில் வந்துகொண்டிருந்தேன். ரங்காச்சாரி மாமா எதிரே வந்தார். அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் இருவரும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள், வீட்டில் அவருக்கென்று தனி அறை, டிவி, ஒரு ஆள் எல்லாம் உண்டு. ஆசாரத்தில் அப்பாவையும் மிஞ்சியவர். தெருவில் பாதிப் பேர் அவர் வருகிற நேரம் பார்த்து உள்ளே போய்விடுவார்கள்.

"என்னடா, அப்பாவை அழைச்சிண்டு வரலை? உடம்புக்கு ஏதாவதா?"

உடம்புக்கு என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பதில் அது. முகுந்தன் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"உடம்பு நன்னா இருக்கு மாமா. ஏரியில மீன் பிடிக்கற படகுல போறார்."

மாமா அப்படியே நின்றார். பூ விற்கிற அம்மாவும் முழம் போட்ட கையை நிறுத்தி எங்களைப் பார்த்தாள். சொன்னது சொன்னதுதான் என்று மிச்சத்தையும் சொன்னேன். "மீனைத் தொடறதில்லை. எவ்வளவு நூல் வெளியில போயிருக்குன்னு கணக்குச் சொல்றார். நாலு தூண்டிலுக்கும் அவர்தான். அவரைக் கேக்காம யாரும் நூலை நிறுத்தறதில்லை."

திட்டப்போகிறார் என்று பால் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"கணக்கு சரியா வரதாமா அவனுக்கு?"

"வரது மாமா. தப்பினதே இல்லையாம்."

"தினமும் அவனைக் கேக்கறாளா?"

"தினமும் கேக்கறா."

"குடுத்து வெச்சவன்" என்றார் மாமா.

அதில் வாழ்த்து எதுவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி, வேகமாக நடந்துவிட்டார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல்தான். டொரான்டோவில் இருந்தவரை அது என் தொண்டைக்குள்தான் இருந்தது.